பனிச்சறுக்கு வல்லார் நோர்ஹைம்

ஓசூர், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில், கன்னட நாட்டெல்லையை ஒட்டி அமைந்த ஊர். மார்கழித் திங்களின் விடியற்காலையில் சந்திரசூடேசுவரர் மலைமீது ஏறி நின்று நோக்கினால், கீழேயுள்ள வீடுகளும் தொழிற்சாலைகளும் வெண்பனியுள் மறைந்து கிடக்கும். பெங்களூருக்குச் செல்லும் பெருஞ்சாலையில் வண்டிகளின் விளக்கொளி மட்டும் மங்கலாய்த் தோன்றித் தோன்றி மறையும். ஆயினும் அப்பனி, ஞாயிறு எழுந்த சில நாழிகைக்குள் இருந்த இடம் தெரியாமற் போய்விடும். காலடியில் மணல் போற் குவிந்து, மாதக்கணக்கில் கரையாது கிடக்கும் உறைபனியைத் தமிழ்நாட்டார் தம் ஊரிற் கண்டறியார். அதனைக் காண விழைவோர் இமயம் வரை செல்லல் வேண்டும்.

சறுக்குதல் என்னும் விளையாட்டோ நமக்குப் புதிதன்று. கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சிறுவர்கள் வழுவழுப்பான பாறைச் சரிவுகளில் தென்னை மட்டையின்மேல் அமர்ந்து சறுக்கி விளையாடுவர். அமர்ந்து சறுக்குவது எளிது. நின்றவாறே சறுக்குவது அரிது. நின்று சறுக்கும்போதே நினைத்த திசையில் திரும்புவதும், நினைத்த இடத்தில் நிற்பதும் அதனினும் அரியன. அவ்வருங்கலையைச் செப்பஞ்செய்து உலகத்தார் கண்முன் நிறுத்தியவர், சொந்த நிலம் ஒரு சாணும் இல்லாத ஓர் ஏழைக் குடியானவர் ஆவார். சோண்ட்ரே நோர்ஹைம் என்பது அவர் பெயர்.

அவர் வரலாற்றோடு மற்றொரு வினாவும் பின்னிக் கிடக்கிறது. இளமையிற் கல்லாத கலையை வயது முதிர்ந்தபின் கற்க இயலுமா என்பதே அது. ஓசூரில் வாழும் எனக்கு இவ்வினா பழக்கமானது. ஏரும் எருதும் மட்டுமே அறிந்து வளர்ந்த ஆடவர் பலர், சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தபின், முப்பதிலும் நாற்பதிலும் கடைசல் பொறியின் முன் கைகட்டி நின்று புதுத்தொழில் பயின்றதை நான் நேரிற் கண்டிருக்கிறேன். நானே 42ஆம் வயதில்தான் மிதிவண்டி ஏறக் கற்றேன். என் மாணவர்கள் வேலியோரம் நின்று வாய்பொத்தி நகைத்தது இன்றும் நினைவில் நிற்கிறது. அதே 42ஆம் வயதில் நோர்ஹைம் செய்த செயலைப் பின்னர்க் காண்போம்.

நார்வே, ஐரோப்பாக் கண்டத்தின் வடமேற்கு ஓரத்தில் நீண்டு கிடக்கும் மலைநாடு. அதன் தென்பகுதியில் தெலெமார்க் என்னும் மாவட்டம் உள்ளது. அம்மாவட்டத்து மலைகளின் இடையே மோர்கெதால் என்னும் சிற்றூர் ஒன்று ஒடுங்கிக் கிடக்கிறது. அவ்வூரின் மேட்டுப் பகுதியில் ஓவர்போ என்ற சிறு குடிலில், 1825ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் சோண்ட்ரே பிறந்தார். நோர்ஹைம் என்பது அவர் குடியிருந்த இடத்தின் பெயர். நாம் ஊர்ப்பெயரை நம் பெயருக்கு முன்னே இடுவதுபோல, அந்நாட்டு உழவர்கள் தம் குடியிருப்பின் பெயரைத் தம் பெயருக்குப் பின்னே இட்டு வழங்கினர். குடியிருப்பு மாறினால் பெயரும் மாறுவதுண்டு.

அந்நாளில் நிலமுடையார் ஒருவரின் நிலத்தோரத்தில் குடிலும் கொல்லையும் பெற்று, அதற்கு ஈடாக அவர் வயலில் உழைத்துக் கொடுத்து வாழ்வோர் நார்வேயிற் பலர் இருந்தனர். சோண்ட்ரேயின் குடும்பமும் அத்தகையதே. அவர் தச்சுவேலையிற் கைதேர்ந்தவர். 1854ஆம் ஆண்டு ரன்னே என்னும் பெண்மணியை மணந்தார். மக்கள் பிறந்தனர், வறுமை மட்டும் விலகவில்லை. அவர்தம் பெருமையை எழுதுவோர் ரன்னேயைப் பற்றி மிகுதியாக எழுதுவதில்லை. கணவர் பனிச்சரிவிற் கழித்த பகற்பொழுதுகளின் சுமை அவ்வம்மையாரின் அடுப்படியில்தான் இறங்கியிருக்கும் என்று கருதுவதில் தவறில்லை.

மோர்கெதாலில் குளிர்காலம் நீண்டது. வயல், வழி, வேலி எல்லாம் உறைபனிக்குள் மூழ்கிவிடும். வெறுங்காலால் நடப்போர் முழங்காலளவு புதைவர். ஆகவே விறகு கொணர்வதற்கும், வேட்டைக்குச் செல்வதற்கும், அண்டை வீட்டாரைக் காண்பதற்கும் அம்மக்கள் நீண்ட மரப்பலகைகளைக் கால்களிற் பூட்டிக்கொண்டு பனியின்மேல் வழுக்கிச் செல்வர். உடலின் எடை நீண்ட பலகை முழுதும் பரவுவதால் கால் புதைவதில்லை. இப்பலகையை ஸ்கீ என்பர். பிளந்த மரத்துண்டு என்னும் பொருளுடைய பழஞ்சொல்லின் வழியே அப்பெயர் வந்தது. நார்வே நாட்டார் அதனை ஷீ என்றே ஒலிப்பர். நாம் சறுக்குப் பலகை எனலாம்.

பனிச்சறுக்கை நோர்ஹைம் புதிதாகப் படைத்தார் என்று எண்ணிவிடலாகாது. வடநாடுகளில் அது பல்லாயிரம் ஆண்டுப் பழமையுடையது. ஆனால் பழைய முறையில் ஒரு பெருங்குறை இருந்தது. பலகையின் நடுவே ஒரு வளையம் இருக்கும். அதனுள் கால்விரற் பகுதியை நுழைத்துக்கொள்வர். குதிகால் கட்டின்றிக் கிடக்கும். சமநிலத்தில் நடக்க இம்முறை போதுமானது. செங்குத்தான சரிவில் இறங்கும்போதோ பலகை ஒருபுறமும் பாதம் மறுபுறமுமாகப் பிரிந்து ஓடும். மேட்டிலிருந்து தாவினால் பலகை காலை விட்டே கழன்றுவிடும். எனவே பெரும்பாலோர் நீண்ட கோல் ஒன்றைப் பனியில் ஊன்றி, அதன்மேற் சாய்ந்து, வேகத்தைத் தடுத்துக்கொண்டே கீழே இறங்கினர். பாய்ந்து செல்லும் குதிரையின் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டே சவாரி செய்வதற்கு இதனை ஒப்பிடலாம்.

நோர்ஹைமின் கருத்து இவ்விடத்தில் வேலை செய்தது. வளைந்து கொடுக்கும் மெல்லிய வளார்களை அவர் முறுக்கிக் கயிறு போலாக்கினார். அதனை விரல் வளையத்தோடு இணைத்துக் குதிகாலின் பின்புறமாகச் சுற்றி இறுக்கினார். இரும்பும் இல்லை, விலைகொடுத்து வாங்கிய பொருள் ஒன்றும் இல்லை. தேன்கனிக்கோட்டை மலைப்பக்கத்தில் மூங்கிலைப் பிளந்து கூடை முடைவார் கையிலுள்ள திறமை எத்தகையதோ, அத்தகையதே இதுவும். ஆனால் இச்சிறு வளாரால் விளைந்த பயன் பெரிது. குதிகாலை மேலே தூக்கலாம். பக்கவாட்டில் அது நழுவ மாட்டாது. காலைத் திருப்பினால் பலகையும் உடன் திரும்பும். தாவினால் பலகையும் உடன் தாவும். கட்டும் உண்டு, விடுதலையும் உண்டு என்னும்படி அமைந்தது அப்பூட்டு.

பலகையின் வடிவிலும் அவர் கைவைத்தார். முன்னும் பின்னும் அகன்று இடையில் ஒடுங்கியதாகப் பலகையைச் செதுக்கினார். உடுக்கையின் இடை சிறுத்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு சிறுத்ததன்று எனினும் அமைப்பு அவ்வகையினதே. இத்தகைய பலகையை ஒரு பக்க விளிம்பின்மேற் சாய்த்து அழுத்தினால் என்ன நேரும்? அகன்ற இரு முனைகளும் பனியைக் கவ்வும். இடைப்பகுதி உடலின் எடையால் வளைந்து தாழும். விளிம்பு முழுதும் ஒரு வட்டத்தின் பகுதி போலாகும். அவ்வளைவின் வழியே பலகை தானே திரும்பிச் செல்லும். மனிதன் அதனை இழுத்துத் திருப்ப வேண்டுவதில்லை. சாய்ந்து கொடுத்தால் போதும். இன்று நூல்களில் வரைபடத்தோடு விளக்கப்படும் இந்நுட்பத்தைப் பள்ளிப் படிப்பு மிகுதியாக இல்லாத ஒரு தச்சர் இழைப்புளியாலும் காலனுபவத்தாலும் கண்டார். மோர்கெதாலின் மற்ற இளைஞரும் அவரோடு ஆடியும் விழுந்தும் இதற்குத் துணைநின்றனர் என்பதையும் சொல்லல் வேண்டும். ஒரு சிற்றூரே கூடிப் பயின்ற கலை அது. அவர்களுள் முதல்வர் நோர்ஹைம்.

சுற்றுப்புறத்து வீட்டுக் கூரைகளின்மேல் படிந்த பனியில் ஏறிச் சறுக்கி, அங்கிருந்தே அவர் தரையிற் பாய்வார் என்று அவ்வூரார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். 1866ஆம் ஆண்டு தெலெமார்க்கில் ஓஃப்தே என்னும் இடத்தில் நடந்த தாவற்போட்டி அவர் புகழை வெளியூர்களுக்குக் கொண்டுசென்றது. பனிமேட்டிலிருந்து அவர் பாய்ந்ததாகச் சொல்லப்படும் 19.5 மீட்டர் தொலைவு நெடுங்காலம் வியந்து பேசப்பட்டது. பாய்ந்து தரையைத் தொடும்போது ஒரு காலை முன்னே நீட்டி, மற்றொரு காலைப் பின்னே மடக்கி, அதிர்ச்சியை முழங்காலில் வாங்கிக்கொள்வது அவ்வூரார் வழக்கம். இன்றும் உலகப் பனித்தாவற் போட்டிகளில் அவ்வாறு தரையிறங்காதவர்க்கு நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைக்கின்றனர். அந்நிலைக்குத் தெலெமார்க் என்பதே பெயர்.

1868ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நார்வேயின் தலைநகராகிய கிறிஸ்தியானியாவில் ஒரு பனிச்சறுக்குப் போட்டி ஏற்பாடாயிற்று. இன்று ஆஸ்லோ என வழங்குவது அந்நகரமே. மோர்கெதாலுக்கும் தலைநகருக்கும் இடையே சுமார் 200 கிலோமீட்டர் தொலைவு உண்டு. நோர்ஹைம் வண்டிக்குக் காசு தேடவில்லை. பலகைகளைக் காலிற் பூட்டினார். மலைகளையும் காடுகளையும் உறைந்த ஏரிகளையும் கடந்து, மூன்று நாளில் நகரை அடைந்தார் என்பர். அப்போது அவருக்கு வயது 42. போட்டிக்கு வந்தவர்களில் பலர் அவருக்கு மகன் முறையாகத்தக்க இளைஞர்.

போட்டி நாளன்று நகர மக்கள் கண்டது என்ன? நாட்டுப்புறத்து உடையோடு, வறுமை எழுதிய முகத்தோடு ஒரு நடுவயதினர் சரிவின் உச்சியில் நின்றார். மற்றையோர் போலக் கோலை ஊன்றிச் சாயவில்லை. சரிவில் விரைந்து இறங்கினார், ஒரு முழங்காலை மடக்கி வணங்குவார் போலத் தாழ்ந்தார், நீண்ட வளைவாகத் திரும்பினார், நிமிர்ந்தார், காலை மாற்றி மீண்டும் தாழ்ந்து மறுபுறம் திரும்பினார். முதற்பரிசு அவருக்கே கிடைத்தது. பனியில் இறங்குவது என்றால் வேகத்துக்கு அஞ்சித் தடுத்துக்கொண்டே வருவது என்றெண்ணியிருந்த நகரத்தார், வேகத்தோடு உடன்பட்டு அதனை ஆள முடியும் என்பதை அன்று கண்டறிந்தனர்.

கண்டவர் எல்லாம் கற்க விரும்பினர். கற்க விரும்பியவர்களோ பெரும்பாலும் வளர்ந்தவர்கள். இங்கேதான் இடர் தொடங்குகிறது. தெலெமார்க் திருப்பம் எனப்படும் அம்முறையைச் சற்று விளங்கக் கூறுவேன். வலப்புறம் திரும்ப விரும்புவோர் இடக்காலை முன்னே செலுத்துதல் வேண்டும். வலக்காற் பலகை பின்னே தங்கும். அம்முழங்கால் மடிந்து தாழும். குதிகால் பலகையை விட்டு எழும். விரலடி மட்டும் பலகையை அழுத்தி நிற்கும். இவ்வாறு நின்றால் இரு பலகைகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே நீண்ட வில்லைப் போல் வளைந்து செல்லும். இடப்புறம் திரும்பும்போது இவையனைத்தும் மாறும். பின்னின்ற கால் முன்னே வரும். முன்னின்ற கால் பின்னே தாழும். இம்மாற்றம் தடுக்கி விழுவது போலன்றி, நடையில் ஓர் அடி எடுத்து வைப்பது போல இயல்பாக நிகழ்தல் வேண்டும்.

புதிதாகப் பயில்வோர் முதலிற் செய்யும் பிழை, அச்சத்தால் உடலைப் பின்னே சாய்ப்பது. சரிவு கீழே இழுக்கும்போது மனம் மேலே ஒட்டிக்கொள்ள நினைக்கிறது. உடலும் அவ்வாறே செய்கிறது. அங்ஙனம் சாய்ந்தவுடன் பலகை ஆளுகைக்கு அடங்காமல் ஓடும். அடுத்த பிழை, எடை முழுவதையும் முன்காலில் ஏற்றிவிட்டுப் பின்காலை வெறுமனே இழுத்துக்கொண்டு போவது. எடையற்ற பின்பலகை கட்டவிழ்ந்த கன்று போல இங்குமங்கும் அலையும், முன்பலகையோடு மோதும். குதிகால் பூட்டப்படாமையால், ஒரு சிறு தடை நேரினும் முகங்குப்புற விழ நேரும். ஆகையால் பயில்வோர் முதலிற் சமநிலத்தில் நின்று, ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாகத் தாழ்ந்து எழுந்து பழகுவர். பிறகு வெறும் மேடு என்று சொல்லத்தக்க மென்சரிவில் நேராக இறங்கிக்கொண்டே கால்களை மாற்றுவர். அதன்பின் சரிவின் குறுக்கே சென்று, மேட்டை நோக்கித் திரும்பி நிற்கப் பயில்வர். இறுதியிலேயே பள்ளத்தை நோக்கித் திரும்புவர். முதல் நாளின் மாலையில் தொடைகள் இரண்டும் கல்லாய்க் கனக்கும்; படியேறுதலும் அரிதாகும்.

சிறுவன் விழுந்தால் எழுந்து ஓடுவான். பெரியவனோ விழுவதற்கு முன்பே யாரேனும் பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் நோக்குவான். வயதானபின் கற்பதில் உள்ள தொல்லை எலும்பில் உள்ளதைவிட நாணத்தில்தான் மிகுதியாக உள்ளது என்பது என் கருத்து. இதற்குச் சுவிட்சர்லாந்து நாட்டில் ஒரு சான்று கிடைக்கிறது. அங்கே தாவோஸ் என்னும் மலையூரில் பிராங்கர் என்னும் குடிப்பெயருடைய உடன்பிறந்தார் இருவர், நார்வேயிலிருந்து வந்த பலகைகளைக் கொண்டு தாமே பயிலத் தொடங்கினர். ஊரார் நகைப்புக்கு அஞ்சி இருள் சூழ்ந்தபின்னரே வெளியில் வந்து பழகினர் என்பர். துப்பறியும் ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயில், நோயுற்ற தம் மனைவியாரின் பொருட்டு அவ்வூரில் தங்கியிருந்தார். அவரும் அப்பலகைகளிற் பயின்று, பலமுறை வீழ்ந்து, 1894ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவ்விருவரோடு மலைக்கணவாய் ஒன்றைக் கடந்து ஆரோஸா என்னும் ஊரை அடைந்தார். அப்போது அவர் வயது 34. செங்குத்தான இடங்களிற் பலகையை நம்பாமல் உட்கார்ந்தே வழுக்கி வந்தமையால், அவர் அணிந்திருந்த கம்பளிக் காற்சட்டையின் பின்புறம் தேய்ந்துபோயிற்று. அதனை அவர் மறைக்கவில்லை. தாமே நகைச்சுவையோடு ஒரு கட்டுரையில் எழுதி வெளியிட்டார்.

இவ்வளவு தொலைவுக்குப் பலகைகள் பரவியதற்கு மோர்கெதால் மக்களின் உழைப்பும் ஒரு காரணம். நோர்ஹைமைப் பின்பற்றி வளர்ந்த ஹெம்மெஸ்ட்வெய்ட் உடன்பிறந்தார் மிக்கெல், தோர்யுஸ் என்னும் இருவரும் 1881ஆம் ஆண்டில் தலைநகரில் பனிச்சறுக்குப் பயிற்சி அளிக்கத் தொடங்கினர். பனிச்சறுக்குக்கென உலகில் எழுந்த முதற்பள்ளி அது என்பர். 1888ஆம் ஆண்டு நான்சன் என்னும் நார்வே அறிஞர் ஐவர் துணையோடு பலகைகளின்மேல் கிரீன்லாந்தின் பனிப்பரப்பைக் கடந்தபோது, ஐரோப்பா முழுவதும் அக்கருவியின்பால் திரும்பி நோக்கியது. ஸ்லாலம் என்று இன்று உலகம் வழங்கும் சொல்லும் மோர்கெதாலின் பேச்சு வழக்கிலிருந்து சென்றதே. சரிவில் இட்ட தடம் என்பது அதன் பொருள். இந்தியாவிலும் காசுமீரத்துக் குல்மார்க்கில் 1927ஆம் ஆண்டு ஆங்கிலப் படைத்தலைவர்களால் பனிச்சறுக்குக் கழகம் ஒன்று நிறுவப்பட்டது.

காலப்போக்கில் ஆல்ப்ஸ் மலைநாடுகளில் குதிகாலையும் பலகையோடு இறுகப் பூட்டும் முறை ஓங்கியது. செங்குத்துச் சரிவுகளில் அது எளிதாகவும் உறுதியாகவும் இருந்தமையால் தெலெமார்க் முறை பல பத்தாண்டுகள் ஒதுங்கிக் கிடந்தது. பின்னர் 1970களில் அமெரிக்க நாட்டுக் கொலராடோ மலைகளில் சிலர் அதனை மீண்டும் கைக்கொண்டனர். அவர்களுட் பலர் பூட்டிய குதிகாலோடு சறுக்குவதில் வல்லவர்கள். ஆயினும் குதிகாலை அவிழ்த்துவிட்ட அன்றே அவர்கள் தொடக்கநிலை மாணவராயினர்; தாம் நெடுநாளாய் அறிந்த சரிவுகளிலேயே மீண்டும் விழுந்தெழுந்து கற்றனர். இன்றும் தெலெமார்க் பயில வருவோரிற் பலர் நடுவயதினர்.

இனி நோர்ஹைமின் பிற்கால வாழ்வுக்கு வருவோம். புகழ் வந்தது, பொருள் வரவில்லை. முதற்பரிசு பெற்றபின்னும் அவர் பிறர் நிலத்துக் குடியானவரே. தலைநகரத்தார் அவர் முறையைக் கற்றுக் கழகங்கள் அமைத்தனர். அவரோ குடிலுக்குக் குடில் மாறி வாழ்ந்தார். அக்காலத்தில் நார்வேயின் ஏழை மக்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறி அமெரிக்காவுக்குச் சென்றுகொண்டிருந்தனர். உழுவோர்க்கு அங்கே நிலம் கிடைக்கும் என்னும் செய்தி அவர்களை ஈர்த்தது. 1884ஆம் ஆண்டு, தமக்கு 59 வயது நிரம்பும் காலத்தில், நோர்ஹைமும் மனைவி மக்களோடு தாய்நாட்டை நீங்கினார். முதலில் மின்னசோட்டா மாநிலத்தில் தங்கிப் பின்னர் வடக்கு டக்கோட்டாப் பகுதியிற் குடியேறினார்.

அப்பகுதியை நோக்கினால் ஊழின் விளையாட்டு என்றே சொல்லத் தோன்றும். வடக்கு டக்கோட்டாவில் பனிக்குக் குறைவில்லை. நோர்ஹைம் குடியேறிய பகுதியில் சரிவுதான் இல்லை. கண்ணுக்கெட்டிய தொலைவும் புல்வெளி; அதற்கப்பால் வானம். மலையினின்று இறங்குவதில் தம்மை ஒப்பார் இல்லாத ஒருவர், மலையே இல்லாத நிலத்தில் முதுமைக் காலத்தைக் கழித்தார். புதிய நாட்டில், அறியாத மொழியின் நடுவே, புல்வெளியை உழுது பண்படுத்தும் தொழிலை அவர் அறுபது வயதிற் கற்கத் தொடங்கினார். தொடக்கநிலை மாணவர் என்னும் பெயர் இப்போது அவருக்கே பொருந்திற்று. டென்பி என்னும் ஊரின் அருகே குடியேறியிருந்த நார்வே மக்கள் தங்களுக்கென ஒரு கோயில் எழுப்பியபோது அவரும் அப்பணியிற் பங்கு கொண்டார். அவர் வீட்டு வாயிலில் ஓர் இணைச் சறுக்குப் பலகைகள் எப்போதும் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன என்று அப்பகுதியார் சொல்வர்.

1897ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 9ஆம் நாள் நோர்ஹைம் இறந்தார். அக்கோயிலை அடுத்த இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தனர். பெயர் பொறித்த கல் ஒன்று நாட்டவும் அக்குடும்பத்துக்கு வாய்ப்பில்லை. புல் மூடியது, ஆண்டுகள் கடந்தன.

1952ஆம் ஆண்டு குளிர்கால ஒலிம்பிக் விளையாட்டுகள் ஆஸ்லோ நகரில் நடைபெற்றன. விளையாட்டரங்குக்குரிய தீயை எங்கிருந்து கொணர்வது என்னும் கேள்வி எழுந்தபோது, நார்வே மக்கள் கிரேக்க நாட்டுக்குச் செல்லவில்லை. பிப்ரவரி 13ஆம் நாள், மோர்கெதாலில் ஓவர்போக் குடிலின் அடுப்பிலே தீ மூட்டினர். ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாறி, 94 பேர் பனிச்சறுக்குப் பலகைகளின்மேற் சென்று அத்தீயைத் தலைநகருக்குக் கொண்டுசேர்த்தனர். இறுதியாக அதனை ஏந்தி அரங்கினுட் புகுந்தவர் நான்சனின் பெயரர் எய்கில் நான்சன் ஆவார். 1868ஆம் ஆண்டில் நோர்ஹைம் பரிசை நாடித் தம் காலாற் கடந்த அதே நெடுந்தொலைவை அத்தீயும் கடந்து சென்றது. 1960ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஸ்குவா வேலி என்னுமிடத்தில் நடந்த விளையாட்டுகளுக்கும் அவ்வடுப்பின் தீயே சென்றது.

அத்தீ அமெரிக்க மண்ணை அடைந்த அந்த ஆண்டிலும், அதே நாட்டில், டென்பிக்கு அருகே அவர் உறங்கும் இடம் இன்னதென்று காட்ட ஒரு கல்லும் இல்லை. 1966ஆம் ஆண்டிலேயே அங்கு அவர் பெயர் பொறித்த நினைவுக்கல் நாட்டப்பெற்றது. ஆண்டுதோறும் குளிர்காலத்தில் அச்சமவெளியெங்கும் உறைபனி பெய்து, அக்கல்லையும் பாதியளவு மூடிவிடும்.